சிறு நிறுவனமும் உந்துவிசை ஆராய்ச்சியும்: பவர் ஜெற்ஸ் அனுபவத்தை முன்வைத்து ஒரு நோக்கு

கடந்த நான்கு தசாப்தங்களாக மேலைநாட்டுப் பொருளியல் எழுத்துக்களிலே சிறு நிறுவனம் ஒரு காவியத் தலைவனின் இடத்தைப் பெற்று வந்துள்ளது. பெருநிறுவனங்கள் மந்தமானவை, அரச ஆய்வுகூடங்கள் அலுவலக நடைமுறைகளிற் புதைந்தவை, புதுமை என்பது ஏதோ ஒரு கொட்டிலிலே துணிந்த சிலராற் படைக்கப்படுவது என்பதே இவ்வெழுத்துக்களின் சாரம். விமானங்களையும் விண்கலங்களையும் செலுத்தும் உந்துவிசைத் தொழினுட்பமும், அவற்றுக்கு வேண்டிய மின்வலுவை வழங்கும் தொழினுட்பமும் இக்கருத்துக்குச் சான்றுகளாக அடிக்கடி காட்டப்படுகின்றன. இலக்கிய ஆய்வைத் தொழிலாகக் கொண்ட நாம் இவ்விடயத்தில் அக்கறை கொள்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயின் இங்கு முதலில் எமக்கு எதிர்ப்படுவது ஒரு கதை வடிவமே. வறிய புலவன், உலோபியான செல்வன், ஈற்றில் வந்து கைகொடுக்கும் வள்ளல் ஆகிய மூவரையும் வைத்து எமது தனிப்பாடற் கதைகள் பல எழுந்தன. அவற்றைப் படிக்கும்போது புலவனின் திறமையோடு நின்றுவிடாது, கொடைக்குப் பின்னாலிருந்த நிலவுடைமை உறவையும் வினவ நாம் பழகியுள்ளோம். கண்டுபிடிப்பாளனின் கதையையும் அவ்வாறு வினவுதல் தகும்.

மார்க்ஸ் ‘மூலதனம்’ நூலின் மூன்றாம் தொகுதியில், ஐந்தாம் அத்தியாயத்தின் இறுதியில், இவ்விடயத்தைச் சுருக்கமாகத் தொட்டுச் செல்கின்றார். புதிய கண்டுபிடிப்பொன்றை அடிப்படையாகக் கொண்டு முதன்முதலில் நிறுவப்படும் தொழிலகத்துக்கு ஏற்படும் செலவு, பின்னர் அதன் அடிச்சுவட்டில் எழும் தொழிலகங்களின் செலவிலும் மிகப் பெரிது என்றும், இதனால் முன்னோடிகள் பெரும்பாலும் முறிந்துபோக, அவர்களுடைய கட்டடங்களையும் பொறிகளையும் மலிவாக வாங்குவோரே இலாபமடைகின்றனர் என்றும் அவர் குறிப்பிடுகின்றார். அதே இடத்தில் அவர் இன்னொரு வேறுபாட்டையும் செய்கின்றார். பலர் ஒருங்கே நின்று செய்யும் கூட்டுழைப்பு ஒன்று. விஞ்ஞானமும் கண்டுபிடிப்பும் சார்ந்த பொது உழைப்பு மற்றொன்று. பின்னையது சமகாலத்தவரின் ஒத்துழைப்பை மட்டுமன்றி, முன்சென்றோரின் உழைப்பையும் தன்னுள் அடக்கியது. இவ்விரு கருத்துக்களையும் மனத்திற்கொண்டு பிரித்தானியாவில் 1936இல் தோன்றி 1946இல் உயிரிழந்த பவர் ஜெற்ஸ் என்னும் சிறு நிறுவனத்தின் வரலாற்றை நோக்குவோம். பின்னர் ஐக்கிய அமெரிக்கா 1982இல் சட்டமாக்கிய சிறு வணிக ஆராய்ச்சித் திட்டத்தை அதன் அருகில் வைத்துப் பார்க்கலாம்.

முதலிற் பொருளின் இயல்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். 1930களின் விமானங்கள் ஆடுதண்டு எஞ்சினால் முகப்பிலுள்ள காற்றாடியைச் சுழற்றிப் பறந்தன. உயரம் கூடக் காற்று ஐதாகி எஞ்சினின் வலு குறைந்தது. வேகம் கூடக் காற்றாடியின் நுனி ஒலியின் வேகத்தை அண்மித்து அதன் பயன்றிறன் வீழ்ந்தது. இவ்விரு தடைகளுக்கும் மாற்றாக எழுந்ததே ஜெற் எஞ்சின். முன்புறத்தால் உள்வாங்கப்படும் காற்றை ஓர் அமுக்கி நெருக்கும். தகன அறையில் எரிபொருள் அதனோடு கலந்து எரியும். விரிவடையும் வாயு ஒரு சுழலியைச் சுழற்றும். சுழலி அதே அச்சிலுள்ள அமுக்கியை இயக்கும். அவ்வேலைக்குப் போக எஞ்சிய வாயு பின்புறத்தால் விரைந்து வெளியேற, அதன் எதிர்த்தாக்கம் விமானத்தை முன்தள்ளும். தத்துவம் எளிது. ஆனால் செந்தழலிலே நிமிடத்துக்குப் பல்லாயிரந் தடவை சுழலும் சுழலித் தகடுகள் உருகாமலும் முறியாமலும் இருக்க வேண்டும். தகன அறையோ அதுவரை எந்தத் தொழிலகக் கொதிகலனிலும் காணப்படாத செறிவில் எரிபொருளை எரிக்க வேண்டும். இத்தகைய ஆராய்ச்சி நீண்டது, செலவு மிக்கது, அதன் விளைபொருளை முதலில் வாங்கக்கூடியவர் அரசைத் தவிர வேறெவருமிலர். இவ்வியல்பு கீழே கூறப்போகும் யாவற்றுக்கும் அடிப்படையானது.

பிராங் விற்றில் 1907இற் கொவென்றி நகரில் ஒரு பொறித் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். தந்தையின் சிறு பட்டறையிற் சிறுவயதிலேயே வேலை பழகியவர். 1923இல் றோயல் விமானப்படையிற் பயிலுநராகச் சேர்ந்து, திறமையால் கிரான்வெல் அதிகாரிகள் கல்லூரிக்குத் தெரிவானார். 1930 சனவரியில் ஜெற் எஞ்சினுக்கு ஆக்கவுரிமை கோரி விண்ணப்பித்தார். விமான அமைச்சு அக்கறை கொள்ளவில்லை. 1935இல் ஆக்கவுரிமையைப் புதுப்பிக்கும் கட்டணமான 5 பவுணைச் செலுத்த அமைச்சு முன்வராமையால் அவ்வுரிமை காலாவதியாயிற்று. வீரக் கதைகளில் இந்த 5 பவுண் தவறாது இடம்பெறும். அக்கதைகளில் இடம்பெறாத செய்தியும் உண்டு. அவ்வேளையில் விற்றில் விமானப்படையின் செலவிலேயே கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்திற் பொறியியல் கற்றுக்கொண்டிருந்தார். அரசின் ஒரு கை மறுத்ததை மற்றக் கை அறியாமலே வழங்கிக்கொண்டிருந்தது.

முன்னாள் விமானப்படையினரான டட்லி வில்லியம்ஸ், ரின்லிங் ஆகிய இருவரின் முயற்சியால், போக் என்னும் முதலீட்டு நிறுவனம் 2,000 பவுணை முன்வைக்க, 1936 மார்ச்சில் பவர் ஜெற்ஸ் பதிவு செய்யப்பட்டது. அதற்கு அடிப்படையான ஒப்பந்தத்திற் கையொப்பமிட்ட தரப்புக்கள் நான்கு. அவற்றுள் ஒன்று அரசு! விற்றில் விமானப்படை அதிகாரியாகவே தொடர்ந்தமையால், வாரத்துக்கு 6 மணித்தியாலத்துக்கு மேல் இதில் ஈடுபடலாகாது என்ற நிபந்தனையும் விதிக்கப்பட்டது. ஆக, ‘தனியார் சிறு நிறுவனம்’ எனப் பெயர் பெற்ற இதன் தலைமைப் பொறியியலாளர் அரசின் சம்பளத்தில் வாழ்ந்தவர். அவரின் கல்வி அரசினால் வழங்கப்பட்டது. தனியார் மூலதனம் இட்ட தொகையோ ஒரு சிறு கடையின் முதலுக்கு மேற்பட்டதன்று.

நிறுவனத்துக்குச் சொந்தத் தொழிலகம் இருக்கவில்லை. றக்பி நகரிலிருந்த பிரிற்றிஷ் தொம்சன் ஹூஸ்ரன் என்னும் சுழலித் தயாரிப்பாளரிடம் எஞ்சின் செய்விக்கப்பட்டு, 1937 ஏப்ரில் 12ஆந் திகதி முதன்முறையாக ஓடியது. தேங்கிநின்ற எரிபொருள் காரணமாக எஞ்சின் கட்டுப்பாட்டை மீறி விரையவே, அங்கு நின்றோர் ஓடித் தப்பினர். அடுத்த இரண்டாண்டுகளும் பணமுட்டுப்பாட்டின் ஆண்டுகள். இங்கு ஒரு முரண்பாடு கவனிக்கத்தக்கது. விமான அமைச்சு ஒரு சிறு ஒப்பந்தத்தை வழங்கியதும் ஆராய்ச்சி உத்தியோக இரகசியச் சட்டத்தின்கீழ் வந்தது. இரகசியம் பேண வேண்டியதால் புதிய முதலீட்டாளரிடம் என்ன செய்கின்றோம் என்று கூற இயலவில்லை; கூறாமற் பணம் கேட்கவும் இயலவில்லை. அரசு போதிய பணம் தராதிருந்தது மட்டுமன்றி, பிறரிடம் பெறும் வழியையும் அடைத்தது. 1939 யூன் 30இல் அமைச்சின் ஆராய்ச்சிப் பணிப்பாளர் டேவிட் பை முன்னிலையில் எஞ்சின் 20 நிமிடம் சீராக ஓடிய பின்னரே நிலைமை மாறியது. அரசு எஞ்சினை விலைக்கு வாங்கி, ஆராய்ச்சிக்காக அதே நிறுவனத்திடம் திருப்பிக் கையளித்தது. ஜேர்மனியில் ஹைன்கெல் என்னும் விமான முதலாளியின் ஆதரவுடன் ஹான்ஸ் வொன் ஓகைன் உருவாக்கிய ஜெற் விமானம் அதே ஆண்டு ஓகஸ்ற் 27இற் பறந்துவிட்டது. பிரித்தானியாவின் குளொஸ்ரர் விமானம் 1941 மே 15இலேயே பறந்தது.

எஞ்சின் வெற்றி பெற்றமைக்குக் காரணமானோரைப் பார்த்தால் மார்க்ஸ் கூறிய பொது உழைப்பின் பொருள் தெளிவாகும். தகனப் பிரச்சினைக்கு 1940இல் வழிகாட்டியது ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வாளர் லபொக் வடிவமைத்த எரிகருவி. சுழலித் தகடுகளின் ஆயுளை நீட்டியது மொண்ட் நிக்கல் நிறுவனத்தில் உருவான நிமோனிக் என்னும் கலப்புலோகம். சுழலிக் கோட்பாட்டில் அரச ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கிறிபித் 1926இலேயே எழுதியிருந்தார். இதனால் விற்றிலின் மேதைமை குறைந்துவிடாது. அம்மேதைமை எத்தகைய சமூக வலையின் நடுவே தொழிற்பட்டது என்பதே புலனாகின்றது.

போர்க்கால உற்பத்திக்கு உரிய வேளை வந்தபோது அரசு பெருந்தொழிலை நாடியது. 1940இல் மோட்டோர்க் கார் தயாரிக்கும் றோவர் கம்பனிக்கு நேரடியாக ஒப்பந்தம் வழங்கப்பட்டது. றோவரின் பொறியியலாளர் விற்றிலைக் கேளாமலே வடிவமைப்பை மாற்ற முற்பட, இரு தரப்புக்குமிடையே சந்தேகமும் கசப்பும் வளர்ந்து உற்பத்தி முடங்கியது. 1943இன் தொடக்கத்தில் றோல்ஸ் றொய்ஸ் தனது தாங்கி எஞ்சின் தொழிலகமொன்றை றோவருக்குக் கொடுத்து, பார்னோல்ட்ஸ்விக்கிலிருந்த ஜெற் தொழிலகத்தைப் பெற்றுக்கொண்டது. அரசின் பணத்தில் நிறுவப்பட்ட தொழிலகம் ஒரு பண்டமாற்றிற் கைமாறியது. முன்னதாக, 1941 ஒக்ரோபரில், எஞ்சின் ஒன்று ஐக்கிய அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு ஜெனரல் இலெக்ரிக் நிறுவனத்திடம் சேர்ந்திருந்தது. ஜெற் எஞ்சின் துறையில் இந்நிறுவனம் பின்னர் பெற்ற இடத்துக்கு அதுவே தொடக்கம்.

அக்காலத்தில் விற்றில் சோசலிசக் கருத்துடையவர். பொதுப்பணத்தில் உருவான தொழினுட்பத்தின் பயனைத் தனியார் அள்ளிச் செல்லலாகாது என்றும், ஜெற் எஞ்சின் துறை முழுவதையும் தேசியமயமாக்க வேண்டும் என்றும் 1943இல் விமான உற்பத்தி அமைச்சர் ஸ்ரபோர்ட் கிறிப்ஸிடம் அவர் எடுத்துரைத்தார். கிறிப்ஸும் சாதாரணமானவரல்லர், 1939இல் தொழிற் கட்சியிலிருந்து வெளியேற்றப்படுமளவுக்கு இடதுசாரியாக விளங்கியவர். அவர் யோசனையின் ஒரு பாதியை ஏற்றார்: பவர் ஜெற்ஸை மட்டும் தேசியமயமாக்கினார். 1944இல் நிறுவனம் ஏறத்தாழ 135,500 பவுணுக்கு அரசுடைமையாயிற்று. 47,000 பவுண் என மதிக்கப்பட்ட தன் பங்குகளைக் கையளித்த விற்றிலுக்குக் கிடைத்தது 10,000 பவுண். றோல்ஸ் றொய்ஸ், டி ஹவிலன்ட் முதலிய பெருநிறுவனங்கள் தனியார் உடைமையாகவே தொடர்ந்தன.

விளைவு விரைவில் வெளிப்பட்டது. அரசுடைமையான நிறுவனம் எஞ்சின்களை வடிவமைத்துத் தயாரிப்பது தம்முடன் போட்டியிடுவதாகும் எனத் தனியார் உற்பத்தியாளர் ஆட்சேபித்தனர். போர் முடிந்து, தொழிற் கட்சி பெரும்பான்மையுடன் ஆட்சி செய்த காலத்திலேயே, பவர் ஜெற்ஸ் ஆராய்ச்சிக்குள் அடங்க வேண்டும், எஞ்சின் செய்தலாகாது எனத் தீர்மானிக்கப்பட்டது. 1946 சனவரியில் விற்றில் பதவி விலகினார். அவரின் பின்னால் பொறியியலாளர் 16 பேர் விலகினர். எஞ்சியது தேசிய வாயுச்சுழலி ஆய்வு நிலையமாக மாற்றப்பட்டது. நீண்டதூர விமானங்களுக்கென அவர்கள் வடிவமைத்த எல்.ஆர். 1 என்னும் விசிறி ஜெற் எஞ்சின் கைவிடப்பட்டது. இன்றைய பயணிகள் விமானங்களை இயக்குவன விசிறி ஜெற் எஞ்சின்களே என்பதை எண்ணும்போது இழப்பின் அளவு புரியும்.

முற்போக்கு வாசகர்கள் இவ்விடத்திற் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும் எனக் கருதுகின்றோம். தேசியமயம் என்ற சொல்லைக் கேட்டவுடன் அதனை வெற்றியாகக் கொள்ளும் பழக்கம் எம்மிடையே உண்டு. பவர் ஜெற்ஸ் விடயத்தில் நடந்தது என்ன? ஆராய்ச்சியின் செலவு சமூகமயமாக்கப்பட்டது. உற்பத்தியின் இலாபம் தனியாரிடம் விடப்பட்டது. முன்னோடி சந்தையில் முறிவான் என்றார் மார்க்ஸ். இங்கு முன்னோடியைச் சந்தை முறிக்கவில்லை. சந்தையின் பெரிய நிறுவனங்களுக்காக அரசே அப்பணியைச் செய்தது, அதுவும் ஒரு சோசலிச நடவடிக்கையின் பெயரால். அரசுடைமையின் வர்க்க உள்ளடக்கத்தை அரசுடைமை என்ற வடிவத்திலிருந்து உய்த்தறிய முடியாது என்பதற்கு இதனிலும் தெளிவான உதாரணம் எளிதிற் கிடைக்காது. விற்றிலோ பிற்காலத்தில் சோசலிசத்தின் எதிரியாக மாறினார். 1976இல் அமெரிக்காவிற் குடியேறி 1996இல் அங்கேயே காலமானார். அவரின் மனமாற்றத்தை நாம் ஏற்க வேண்டியதில்லை. அதற்குக் காரணமான அனுபவத்தை மறுக்கவும் முடியாது.

வரலாறு பின்னரும் தன் விளையாட்டை நிறுத்தவில்லை. 1946இல் வர்த்தகச் சபையின் தலைவராகவிருந்த அதே கிறிப்ஸின் இசைவுடன் றோல்ஸ் றொய்ஸின் நீன் எஞ்சின்கள் சோவியத் ஒன்றியத்துக்கு விற்கப்பட்டன. அவற்றின் வழிவந்த எஞ்சினே மிக் 15 போர்விமானத்தைக் கொரியாவின் வானிற் பறக்கச் செய்தது. 1971 பெப்ரவரியில் ஆர்.பி. 211 என்னும் விசிறி ஜெற் எஞ்சினின் செலவைத் தாங்கமாட்டாது றோல்ஸ் றொய்ஸ் முறிந்தபோது, அதனைத் தேசியமயமாக்கியவர் கன்சர்வேற்றிவ் பிரதமர் எட்வேர்ட் ஹீத். ஆராய்ச்சிச் சுமையை மக்கள் தலையில் ஏற்றி எஞ்சின் இலாபகரமான பின், 1987இல் அது மீண்டும் தனியாருக்கு விற்கப்பட்டது.

மின்வலுத் துறையிலும் ஒத்த போக்கினைக் காணலாம். கேம்பிறிட்ஜில் ரொம் பேக்கன் ஐதரசனையும் ஒட்சிசனையும் இணைத்து நேரடியாக மின்சாரம் பெறும் எரிபொருட் கலத்தில் நீண்டகாலம் உழைத்தார். தேசிய ஆராய்ச்சி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் பொதுப்பண ஆதரவுடன், 1959இல் 5 கிலோவாற் தரும் தொகுதியொன்றை இயக்கிக் காட்டினார். உரிமம் பெற்றது அமெரிக்காவின் பிறாற் அன்ட் விற்னி. சந்திரனுக்குச் சென்ற அப்பலோ கலங்களுக்கு மின்சாரம் வழங்கியது இக்கலத்தின் வழிவந்ததே.

பிரித்தானியாவில் இவ்வாறு தனித்தனி நிகழ்ச்சிகளாக நடந்தேறிய ஒன்றை ஐக்கிய அமெரிக்கா ஒரு சட்டமாகவே ஒழுங்கமைத்தது. 1977இல் தேசிய விஞ்ஞான மன்றத்தில் றோலன்ட் ரிபெற்ஸ் தொடங்கிய பரீட்சார்த்தத்தை அடியொற்றி, 1982 யூலை 22இல் சிறு வணிகப் புத்தாக்க அபிவிருத்திச் சட்டம் கையெழுத்தாயிற்று. கையெழுத்திட்டவர் அரசே பிரச்சினையின் மூலம் என்று முழங்கிய றொனால்ட் றேகன். வெளியாருக்கு வழங்கும் ஆராய்ச்சி நிதி 10 கோடி டொலரை மீறும் ஒவ்வோர் அரச நிறுவனமும் அந்நிதியில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்க வேண்டும் என்பது விதி. முதலில் 0.2 சதவீதமாக இருந்த பங்கு படிப்படியாக 1.25 ஆகவும், 2017ஆம் நிதியாண்டில் 3.2 ஆகவும் உயர்ந்தது. சிறு நிறுவனம் என்பது 500 பேருக்கு மேற்படாத ஊழியரைக் கொண்டது. முதற் கட்டத்தில் ஒரு கருத்து இயலுமா என ஆராயச் சில மாதங்களுக்குச் சிறு தொகை. இரண்டாங் கட்டத்தில் மாதிரியை உருவாக்க இரண்டாண்டளவுக்குப் பெருந்தொகை. மூன்றாங் கட்டமான வணிகமயமாக்கலுக்கு இத்திட்டத்தில் நிதியில்லை. அங்கு தனியார் மூலதனத்தையோ அரசின் வேறு கொள்வனவுகளையோ நாட வேண்டும். நாசா இத்திட்டத்தின்கீழ் ஆண்டுதோறும் கேட்கும் ஆராய்ச்சிகளுள் புதிய உந்துவிசையும் மின்வலுவும் நிலையான இடம் பெற்று வந்துள்ளன.

இத்திட்டத்தின் வெற்றிகளுள் ஒன்றாகக் காட்டப்படுவது ஹோல் உந்தி. இரசாயன றொக்கற்றிலிருந்து வாயு செக்கனுக்கு 3 தொடக்கம் 4.5 கிலோமீற்றர் வேகத்தில் வெளியேறும். ஹோல் உந்தியிலோ ஒரு வளைய வடிவான கால்வாயிற் காந்தப்புலம் இலத்திரன்களைச் சிறைப்படுத்துகின்றது. அவை செனோன் அணுக்களை மோதி அயன்களாக்க, மின்புலம் அவ்வயன்களைச் செக்கனுக்கு 15 தொடக்கம் 20 கிலோமீற்றர் வேகத்தில் எறிகின்றது. அதே அளவு உந்துபொருளிலிருந்து பன்மடங்கு பயன் கிடைக்கின்றது. ஆனால் விசையோ மிகச் சிறிது. ஒன்றரைக் கிலோவாற் மின்சாரத்தை உண்ணும் உந்தி தருவது உள்ளங்கையில் வைத்த ஒன்றிரண்டு கடதாசித் தாள்களின் பாரத்துக்குச் சமம். எனவே அது ஆயிரக்கணக்கான மணித்தியாலம் ஓயாது இயங்க வேண்டும். அவ்வாறு இயங்குமா எனச் சோதிக்கப் பெரிய வெற்றிட அறைகள் வேண்டும். ஒஹையோவிலுள்ள நாசாவின் கிளென் ஆராய்ச்சி நிலையம் போன்ற அரச நிலையங்களிலே அத்தகைய மாபெரும் அறைகள் உள்ளன.

மாசசூசெற்ஸ் மாநிலத்தின் நேற்றிக்கில் 1985இல் தொடங்கப்பட்ட பியூசெக் என்னும் சிறு நிறுவனம் இத்திட்டத்தின் நிதியிலே வளர்ந்தது. அதன் 200 வாற் உந்தி 2006 டிசெம்பரில் ஏவப்பட்ட இராணுவப் பரிசோதனைச் செய்மதியொன்றில் இயங்கி, அமெரிக்காவில் உருவாகி விண்வெளியில் இயங்கிய முதல் ஹோல் உந்தியாயிற்று. ‘அமெரிக்காவில் உருவாகி’ என்னும் அடைமொழி ஊன்றிப் பார்க்கத்தக்கது. மொரோசொவ் குழுவினர் மொஸ்கோவின் குர்ச்சாத்தொவ் நிலையத்தில் உருவாக்கிய உந்தி 1971 டிசெம்பரிலேயே மெத்தியோர் செய்மதியில் ஏறிவிட்டது. கலினின்கிறாட்டின் பாகெல் தொழிலகம் அதனைத் தொடர்ந்து தயாரித்தது. மேலைநாடுகள் அதன் அருமையை உணர்ந்தது 1990களின் தொடக்கத்தில், சோவியத் ஒன்றியம் குலைந்த வேளையில். சிறு நிறுவனமே புதுமையின் ஊற்று எனக் கூறுவோர் இந்த 35 ஆண்டுகளை எங்கே வைப்பர்? மறுபுறத்தில், அங்கு உந்தியைப் படைத்த அமைப்பால் நாளாந்த வாழ்வுக்கு வேண்டிய நுகர்பொருட்களை நம்பகமாகப் படைக்க இயலவில்லை என்பதையும் கூறாது விட்டால் நாம் நேர்மையற்றவராவோம்.

சிறு நிறுவனங்களின் பங்களிப்பை நாம் மறுக்கவில்லை. ஒரு சில பொறியியலாளர், ஒரே கூரையின்கீழ், தாம் வரைந்ததைத் தாமே கடைந்து தாமே ஓட்டிப் பார்க்கும் உழைப்பு முறையில், கைக்கும் மூளைக்குமிடையே முதலாளித்துவம் ஏற்படுத்திய பிளவு சிறிது காலத்துக்கேனும் ஆறிவிடுகின்றது. பவர் ஜெற்ஸின் லற்றவேர்த் பட்டறையிலே நிகழ்ந்ததும் இதுவே. பெருந்தொழிலகங்கள் இதனைத் தம்முள்ளே படைக்க இயலாதவை. விலைக்கு வாங்கவே இயன்றவை.

அமெரிக்கக் கொள்கை எழுத்துக்களில் இரண்டாங் கட்டத்துக்கும் மூன்றாங் கட்டத்துக்கும் இடைப்பட்ட வெளி ‘மரணப் பள்ளத்தாக்கு’ எனப்படுகின்றது. உருவகங்களைத் தொழிலாக ஆராயும் எமக்கு இது சுவையானது. பள்ளத்தாக்கு இயற்கையின் ஆக்கம். அதற்கு எவரும் பொறுப்பல்லர். வலியவன் கடப்பான், மெலியவன் வீழ்வான். உடைமை உறவொன்று நிலவியலாக உருமாற்றப்படுகின்றது. 1946 சனவரியிற் பவர் ஜெற்ஸின் முன்னால் அத்தகைய நிலத்தோற்றம் எதுவும் இருக்கவில்லை. அங்கு இருந்தவை உற்பத்தியாளரின் ஆட்சேபமும் அமைச்சின் தீர்மானமுமே.

2010 ஓகஸ்ற் 14இல் அமெரிக்க விமானப்படையின் தொடர்பாடற் செய்மதியொன்று ஏவப்பட்டது. அணுவாயுதப் போரின்போதும் கட்டளைகளை அனுப்புவதற்கென அமைக்கப்பட்டது அது. அதன் பிரதான இரசாயன எஞ்சின் பழுதுற்றது. செய்மதியிலிருந்த ஹோல் உந்திகள், கடதாசித் தாள்களின் பாரத்தைச் சற்றே விஞ்சிய விசையால் மாதக்கணக்காகத் தள்ளித் தள்ளி, 2011 ஒக்ரோபரில் அதனை உரிய சுற்றுப்பாதையிற் சேர்த்தன. இவ்வகை உந்தி பியூசெக்கும் பிரைமெக்ஸ் என்னும் நிறுவனமும் இணைந்து உருவாக்கியது. பிரைமெக்ஸை ஜெனரல் டைனமிக்ஸ் வாங்கியது. அதன் உந்துவிசைப் பிரிவை 2002இல் எயரோஜெற் வாங்கியது. எயரோஜெற் 2013இல் றொக்கற்டைனுடன் இணைந்தது. அவ்விணைப்பை 2023 யூலையில் எல்3ஹரிஸ் என்னும் ஆயுத நிறுவனம் ஏறத்தாழ 470 கோடி டொலருக்கு வாங்கிக்கொண்டது.